கருணைக் கடலின் தங்கை

"துக்கத்தில் இருப்பவளிடம் என்ன சொன்னால் அவள் கதவைத் திறப்பாள்?"

கேட்டவர் பூதலிங்கம்.

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. தென்காசிப் பக்கம் எந்த ஊரில் கோயில் கொடை விழா நடந்தாலும் அவருடைய சொற்பொழிவு இருக்கும். கருணையைப் பற்றிப் பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் அழாமல் வீட்டுக்குப் போகாது. ஒரு கோயில் கமிட்டி அவருக்குக் 'கருணைக் கடல்' என்று பட்டம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, நோட்டீஸிலும் அடித்துவிட்டது. அதன் பிறகு அவராலும் அதை மறுக்க முடியவில்லை. மறுக்க முயன்றதாகவும் தகவல் இல்லை.

கேள்வி போய்ச் சேர்ந்த இடம் தாயம்மை.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பூதலிங்கத்தைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். ஆனாலும் எல்லோரையும் போல அவரும் அவளைத் தாயே என்றுதான் கூப்பிட்டார். அவளிடம் வருகிறவர்கள் கனத்த முகத்தோடு வந்து கொஞ்சம் லேசாகத் திரும்பிப் போவார்கள். அவள் அவர்களிடம் என்ன பேசுகிறாள் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை.

கிணற்றடியில் புளியைப் போட்டு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவச் சாத்தினது யாரு?"

"எந் தங்கச்சி. ஆவுடையம்மா."

"என்ன துக்கம்?"

"அவ மக போயிட்டா தாயே. வல்லி. ஒரே மக. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருந்தோம். காய்ச்சல்ல போயிட்டா."

தாயம்மையின் கை நின்றது.

"காரியத்தன்னைக்கு நான் நாலு வார்த்தை ஆறுதலாப் பேசுனேன். பேசி முடிச்சதும் ஆவுடை எந்திரிச்சு உள்ள போனா. தாழ்ப்பாளப் போட்டா. அன்னைக்குப் போட்டதுதான். இன்னும் திறக்கல."

"சாப்பாடு?"

"பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாச் சோறு வைக்காக. முக்காவாசி அப்படியே திரும்பி வருது. வீட்ல அடுப்பு மூட்டல. யார்ட்டயும் பேச்சும் இல்ல. அவ வீட்டுக்காரரும் எப்பவோ போயிட்டாரு. அவளுக்கு வேற யாரு இருக்கா? இப்படியே விட்டா அவளும் போயிருவா தாயே."

அவர் குரல் உடைந்தது. மேடையில் உடைகிற குரல் அல்ல அது. மேடைக் குரல் வேறு மாதிரி, அழகாக உடையும்.

தாயம்மை விளக்கைக் கீழே வைத்தாள்.

"அந்த நாலு வார்த்தையச் சொல்லுங்க. கேப்போம்."

பூதலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். கண்களை மூடினார்.

பேசினார்.

மண்ணுக்கு வந்த மகாலட்சுமி இங்கே தங்க மனமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள் என்றார். தோட்டக்காரன் எப்போதும் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பான் என்றார். அவள் போகவில்லை, காற்றாக இருக்கிறாள், விளக்கின் சுடராக இருக்கிறாள், தாயே நீ அழலாமா என்றார்.

சமையல்கட்டிலிருந்து பரிசாரகர் கரண்டியோடு வந்து நின்றார். மலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் உள்ளே வந்து நின்றது. மோர் விற்க வந்த அம்மாள் கூடையை இறக்கிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பரிசாரகர் விம்மியே விட்டார். சாம்பார் அடிப்பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் உள்ளே ஓடினார்.

பூதலிங்கம் பேசி முடித்தார். கண்ணைத் திறந்தார்.

எதிரே தாயம்மை இல்லை.

தேய்த்த விளக்குகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவள் கொல்லைப் பக்கமிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"முடிச்சாச்சா? தூரத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குரல் நல்ல கணீர்னு இருக்கு."

பூதலிங்கத்துக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"நான் எந்த இடத்துல எந்திரிச்சுப் போனேன் ஐயா?"

"கவனிக்கல தாயே."

"உங்க தங்கச்சி எந்த இடத்துல எந்திரிச்சாக?"

"அதான் சொன்னேனே. பேசி முடிச்சதும் எந்திரிச்சு..."

நிறுத்தினார். யோசித்தார்.

"பேசி முடிச்சுக் கண்ணத் திறந்தப்ப அவ அங்க இல்ல."

"பேசும்போது கண்ண மூடிருவீங்களோ?"

"மூடினாத்தான் எனக்கு உள்ள இருந்து வரும்."

"சரி, சாப்பிட வாங்க," என்றாள் தாயம்மை.

இலை போட்டார்கள். சோறு, அடிப்பிடித்த சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ஓர் அப்பளம். ரசம் ஊற்ற மட்டும் தாயம்மையே வந்தாள். மடத்தின் தலைவி தன் கையால் பரிமாற வருகிறாளே என்று பூதலிங்கம் நெகிழ்ந்துபோனார்.

தாயம்மை கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் கரண்டி சோற்றில் விழுந்தது. இரண்டாவது கரண்டி அப்பளத்தின் மேல் விழுந்தது. அதற்கடுத்தது இலையைத் தாண்டி அவர் மடியில் விழுந்தது.

"ஐயோ! சுடுது!"

அவள் முகத்தில் அப்படி ஒரு சாந்தம். இன்னொரு கரண்டி மொண்டாள்.

"தாயே! தாயே! போதும்!"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் ஐயா, ருசியா இல்லையா?"

"ருசிக்கு என்ன குறை? மடியிலயா ஊத்துவாக?"

"ரொம்பப் பிரியமாத்தான் ஊத்தினேன்."

பூதலிங்கம் நனைந்த வேட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் வேட்டியைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்குப் பேசும்போது நான் அழுததெல்லாம் பொய்யா தாயே?"

"யாரு சொன்னா? அழுதது நிஜந்தான்."

அவர் மீதிச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார். வேட்டி காய்வதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

*

ஆவுடையம்மாளின் வீடு ஒரு குறுகலான தெருவில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

பூதலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். இமைக்கக்கூடப் பயம்.

உள்ளே தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பல நாளாகியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு. அதில் சோறு காய்ந்து கிடந்தது. சுவரில் வல்லியின் படம், மாலையோடு. தங்கையின் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

இத்தனை நாளாக இதைப் பார்க்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டார். பிரசங்கம் செய்யக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார். அதனால் பிரசங்கம் செய்யவில்லை.

"ஆவுடை, எனக்குத் தெரியும்மா. உன் வேதனை எனக்குத் தெரியாதா? உங்க மதினி போனப்ப நான் பட்ட பாடு இருக்கே..."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். மனைவி போன பிறகு அவள் புடவையை மடித்து வைக்கக் கை வராமல் நின்றது. காப்பி போட இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தது. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஊர் ஊராகக் கூட்டம் ஒப்புக்கொண்டது. எல்லாம் உண்மை. இதையெல்லாம் அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை.

அதனால் இந்தத் தடவை அவள் எந்த இடத்தில் எழுந்தாள் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. இரண்டாவது டம்ளரைத் திரும்ப வைத்த இடத்தில் எழுந்தாள். மெதுவாக நடந்து வந்தாள். ஜன்னலைச் சாத்தினாள்.

*

மடத்துக்குக் குறுக்கு வழியில் நடந்து வந்தபோது காலில் முள் ஏறிவிட்டது. தேய்ந்த செருப்பு. கருவேல முள் செருப்பைத் துளைத்து, பாதத்தில் இறங்கி, உள்ளேயே ஒடிந்துவிட்டது.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஜன்னலும் போச்சு தாயே."

நடந்ததைச் சொன்னார். தாயம்மை கேட்டுக்கொண்டாள்.

"முதல்ல இந்த முள்ளக் கொஞ்சம் எடுத்து விடுங்க. நடக்க முடியல," என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

தாயம்மை குனிந்து பார்த்தாள்.

"அடடா! கருவேல முள்ளா? எனக்கும் ஒரு தடவ குத்திச்சு. இங்க பாருங்க."

தன் காலை நீட்டினாள்.

"எங்க சித்தி கல்யாணத்தப்ப. பாவாடையப் பிடிச்சுக்கிட்டு ஓடினேனா, சரக்குன்னு ஏறிட்டு. எல்லாரும் கல்யாண வேலையில நிக்காக. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நான் துடிச்ச துடிப்பு இருக்கே!"

"அப்படியா தாயே," என்றார் பூதலிங்கம். மரியாதை தெரிந்தவர்.

"அப்புறம் கால் வீங்கிப் போச்சு. பந்தியில உக்கார முடியல. பாயசம்கூடக் குடிக்கல."

"ம்."

"அது ஆறதுக்குள்ள இன்னொண்ணு. இந்தக் கால்ல. அது இலந்த முள்ளு."

"தாயே, எம் முள்ளு..."

"அதத்தான ஐயா சொல்லுதேன். முள்ளு குத்தினா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். இலந்த முள்ளு இருக்கே, அது வளைஞ்சு இருக்கும். இழுத்தா வராது..."

வலியில் பூதலிங்கத்தின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"தாயே! உங்க கதைய அப்புறம் கேக்கேன்! எம் முள்ளு இன்னும் உள்ளதான் இருக்கு!"

தாயம்மை நிறுத்தினாள்.

பூதலிங்கமும் நிறுத்தினார். சொன்னது தன் வாய்தானா என்பது போல உட்கார்ந்திருந்தார்.

அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் பதறிப்போய் காலை இழுத்தார். அவள் விடவில்லை.

"இங்க வலிக்கா?"

"இல்ல."

"இங்க?"

"கொஞ்சம்."

"இங்க?"

"ஆ!"

முள் வந்துவிட்டது.

*

பூதலிங்கம் கெட்டிக்காரர். இரண்டையும் இரண்டையும் கூட்டி ஒரு முடிவுக்கு வந்தார். இனி வாயே திறப்பதில்லை.

தாயம்மையிடம் அதைச் சொன்னார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தங்கை வீட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தார். முதுகெலும்பு நேராக இருந்தது. வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. உட்கார்ந்தால் இப்படித்தான் உட்கார வேண்டும் என்று சொல்லும்படி உட்கார்ந்தார்.

தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தி நின்று பார்த்தாள்.

"கருணைக் கடலு மௌன விரதம் இருக்காகளாம்."

அவ்வளவுதான். தெருவில் செய்தி பரவிவிட்டது. ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காலில் போட்டாள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். இன்னொருவர் தட்டில் வாழைப்பழம் தேங்காயோடு வந்தார். வேண்டாம் என்று சொல்லலாமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. கையை உயர்த்தித் தடுத்தார். ஆசீர்வாதம் என்று நினைத்து அவர்கள் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் ஒரு சம்பங்கி மாலையும் ஏறிவிட்டது.

சாத்திய ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"செல்லம்மா அக்கா."

ஆவுடையம்மாளின் குரல். கதவைச் சாத்திய பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் பாதி வேலையில் ஓடி வந்தாள்.

"என்னட்டி? சொல்லு."

"அந்த ஆள எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க. எழவு வீட்டு வாசல்ல திருவிழாவா நடக்கு?"

ஜன்னல் மூடிக்கொண்டது.

அண்ணன் என்றுகூட இல்லை. அந்த ஆள். பூதலிங்கத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

*

மாலையும் கழுத்துமாக மடத்துக்குள் நுழைந்தார். கோபம் அவருக்கு முன்னால் நுழைந்தது.

"பேசினாலும் தப்பு. எங் கதையச் சொன்னாலும் தப்பு. பேசாம உக்காந்தாலும் தப்பு. நான் என்னதான் செய்யணும்? நீங்களே சொல்லுங்க தாயே. நீங்க சொல்லுத வார்த்தைய ஓரெழுத்து மாத்தாம அப்படியே போய்ச் சொல்லுதேன்."

"எனக்குத் தெரியாது," என்றாள் தாயம்மை.

"குருவே இப்படிச் சொன்னா எப்படி?"

"உங்க தங்கச்சிய எனக்குத் தெரியாதே ஐயா. அந்தப் பிள்ளையவும் தெரியாது." முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "அவ எப்படிப்பட்ட பிள்ளை?"

"மகாலட்சுமி."

"சரி. அப்புறம்?"

"தங்கமான பிள்ளை."

"அப்புறம்?"

"குத்துவிளக்கு மாதிரி..."

"குத்துவிளக்கு என்ட்ட நாலு இருக்கு. நான் பிள்ளையக் கேக்கேன்."

பூதலிங்கம் வாயைத் திறந்தார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ இரவுகள் ஓயாமல் பேசிய வாய் அது. திறந்தபடியே இருந்தது.

"அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

"தெரியல."

"கோவம் வந்தா என்ன செய்வா?"

"தெரியல."

"யாரு கூடச் சண்ட போடுவா? யாரப் பாத்தாச் சிரிப்பா?"

"தெரியல தாயே." குரல் இறங்கிவிட்டது. "நான் எங்க ஊர்ல தங்குனேன்? போனா, கால்ல விழுவா. திருநீறு பூசி விடுவேன். மாமா வாங்கன்னுவா. நல்லாரும்மான்னுவேன். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருவேன்."

"நீங்க தாய்மாமன் இல்லையா? உங்க மடியில வச்சுத்தான காது குத்தியிருப்பாக?"

"ஆமா. எம் மடியிலதான்."

பேச்சு அங்கேயே நின்றது. அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே தடவினார்.

"கடிச்சு வச்சுட்டா தாயே."

"யாரு?"

"வல்லி. ஆசாரி கம்பிய எடுத்தாரு. எல்லாப் பிள்ளையும் அழும். இவ அழல. என் கையப் பிடிச்சு ஒரே கடி. ரத்தம் வந்துட்டு. விடவே இல்ல. ரெண்டு பேரு சேந்து வாயப் பிரிச்சு எடுத்தாக. ஆசாரி பயந்துபோயிட்டாரு."

"மகாலட்சுமி அப்படியெல்லாம் கடிப்பாளா?"

பூதலிங்கம் சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பின் நடுவில் என்னவோ ஆகிவிட்டது. தோள் குலுங்கியது. வல்லி, வல்லி என்றார். மூக்கு ஒழுகியது. வாய் கோணியது. சத்தம் நாராசமாக இருந்தது. இந்த அழுகையைப் பார்த்து எந்தக் கமிட்டியும் பொன்னாடை போர்த்தாது. அவள் போன அன்றைக்கு அழ வேண்டிய அழுகை இப்போதுதான் வந்திருந்தது.

பரிசாரகர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

தாயம்மை எழுந்து போகவில்லை. அங்கேயே இருந்தாள்.

அழுகை அடங்க வெகு நேரம் ஆயிற்று. அவர் கழுத்து மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தக் கடிச்ச பிள்ளையப் பாக்கணும்போல இருக்கு எனக்கு," என்றாள் தாயம்மை. மெல்லத்தான் சொன்னாள். நிஜமாகவே அவளுக்கு அந்த ஆசை வந்திருந்தது. "அவள முழுசாத் தெரிஞ்சவுக உலகத்துல ஒரே ஆளுதான் இருக்காக."

"ஆவுடை," என்றார் பூதலிங்கம்.

எழுந்துவிட்டார்.

*

சாயங்காலம். யார் கண்ணிலும் படாமல் பின்தெரு வழியாகச் சுற்றி வந்தார். செல்லம்மாள் ஜன்னலோரத்தில் நின்று மத்தியானத் தட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். வைத்த சோறு அப்படியே இருந்தது. அவரைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். இன்றைக்கும் இல்லை என்று அர்த்தம்.

பூதலிங்கம் கதவைத் தட்டினார்.

"ஆவுடை. நான்தான்."

உள்ளே ஒன்றும் அசையவில்லை. அவர் காத்திருந்தார். மறுபடியும் தட்டவில்லை.

"பேச வந்தியா?" என்றது குரல்.

"இல்ல."

"வாசல்ல உக்காரவா?"

"இல்லம்மா. உன்ட்ட ஒண்ணு கேக்கணும்."

கதவில் கையை வைத்துக்கொண்டார்.

"வல்லி எப்படிப்பட்ட பிள்ளைன்னு எனக்குத் தெரியல. அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் மகாலட்சுமின்னு பேசுனேன். தெரியாமத்தான் பேசுனேன். நீ சொல்லு. அவ எப்படி இருப்பா?"

"தாய்மாமன் கேக்க கேள்வியா இது?"

"இல்ல. ஆனா கேக்கேன்."

தரையில் கை ஊன்றி எழும் சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டாள். மூச்சு வாங்குவது இவருக்குக் கேட்டது. இந்தக் கொஞ்ச தூரம் நடந்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அவ மகாலட்சுமி இல்ல," என்றாள்.

"ம்."

"வந்தவ போனவ எல்லாம் தெய்வம்ங்கா. வாயில்லாப் பூச்சிங்கா. அதிர்ந்து பேச மாட்டாங்கா. யாரச் சொல்லுதீய நீங்கள்லாம்? அப்படி ஒருத்தி இந்த வீட்ல இருந்ததே இல்ல. சாமி எம் மவளக் கொண்டு போயிட்டாரு. நீங்க வேற யாரையோ கொண்டாந்து படத்துல மாட்டிட்டுப் போயிட்டீய. நான் யாரப் பாத்து அழ?"

பூதலிங்கம் கதவுக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார்.

பிறகு அவள் மிகவும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவ பொய் சொல்லுவா அண்ணே."

செல்லம்மாள் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி ஆவுடை! போன பிள்ளைய அப்படிச் சொல்லலாமாட்டி? அவ சாமியாயிட்டா. அப்படிச் சொல்லாத தாயி!"

உள்ளே குரல் அடங்கிவிட்டது.

செல்லம்மாள் நல்லவள். நாள் தவறாமல் சோறு வைத்தவள். இறந்துபோன பிள்ளையின் குறையைச் சொன்னால் பாவம் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வல்லி போன நாளிலிருந்து காரியம் வரை ஆவுடையம்மாள் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் இப்படித்தான் அன்போடு அதை மூடினார். பிறகு அவள் திறப்பதையே விட்டுவிட்டாள்.

பூதலிங்கத்தின் நாக்கிலும் வாக்கியங்கள் வந்து வரிசையில் நின்றன. பழக்கம் அது. ஒவ்வொன்றும் நல்ல வாக்கியம். ஊரே அழக்கூடியவை. அவர் அவற்றை அப்படியே நிற்க விட்டார்.

அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டார்.

"என்ன பொய் சொல்லுவா?"

தாழ்ப்பாள் விலகியது.

ஆவுடையம்மாள் நின்றாள். பாதியாகிப் போயிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கேட்டது நிஜமா என்று பார்த்தாள்.

"ஒண்ணா ரெண்டா!" என்றாள். "உள்ள வா. ஒல வைக்கேன். சாப்பிட்டுக்கிட்டே கேளு."